மெரிட் என்ற சொல்லும் மைக்கேல் யங் என்ற மனிதரும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் மெரிட் பற்றி ஒரு வாக்குவாதம் நடந்தது. யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி அர்த்தமே வந்துவிட்டது. "மெரிட்ல சீட்டு" என்றால் பணம் கட்டாமல் கிடைத்தது, மேனேஜ்மென்ட் கோட்டா இல்லை என்று பொருள். வேறு சிலர் வாயில் அதே சொல் இட ஒதுக்கீட்டில் வந்தவரைக் குத்திக்காட்டும் ஊசி. இரண்டு பக்கமும் அது நல்ல சொல், பெருமைக்குரிய சொல் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லிலிருந்து பிறந்த மெரிட்டோகிரசி, அதாவது தகுதி உள்ளவர்களின் ஆட்சி என்ற சொல்லை உலகமெங்கும் பரப்பியவர், அதை ஒரு எச்சரிக்கையாக எழுதினார். அவர் பெயர் மைக்கேல் யங். இங்கிலாந்துக்காரர், சமூகவியல் அறிஞர். அரசாங்கத்துக்கு உள்ளே இருந்தும் வேலை பார்த்தார், வெளியே வந்தும் பார்த்தார்.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். சமூகவியலில் எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வகுப்பறையில் நின்றவளுக்கு இந்த மனிதர் சொன்னது புரியாமல் போகாது.

1915-இல் மான்செஸ்டரில் பிறந்தார். அப்பா ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வயலின் கலைஞர், அம்மா ஓவியர். சிறுவயதில் சில வருஷம் மெல்போர்னில் இருந்தார்கள். 14 வயதில் டெவன் மாவட்டத்தில் இருந்த டார்டிங்டன் ஹால் என்ற பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பள்ளியை ஆரம்பித்தவர்கள் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் மனைவி டோரதியும். இந்த லெனார்டு 1920-களின் தொடக்கத்தில் வங்காளத்துக்கு வந்து, ரவீந்திரநாத் தாகூரோடு ஸ்ரீநிகேதனில் கிராம மறுசீரமைப்பு வேலை செய்தவர். தாகூரிடம் கற்றதைத்தான் இங்கிலாந்தில் செய்து பார்த்தார். அடிக்காத, மிரட்டாத, தோட்டமும் தறியும் பாட்டும் உள்ள பள்ளி. பல பள்ளிகளில் சரிப்படாத பையன் அங்கே போய்த் தழைத்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. பின்னாளில் யங் எழுதியதற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளி, சட்டப் படிப்பு, ஆராய்ச்சி அமைப்பில் வேலை. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் தொழிற்கட்சியின் ஆராய்ச்சிப் பிரிவுக்குச் செயலாளர் ஆனார். 1945 தேர்தலுக்கான அந்தக் கட்சியின் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர் அவர்தான். வயது 29. அந்தத் தேர்தலில் சர்ச்சிலைத் தோற்கடித்து 393 இடங்களோடு அட்லி பிரதமர் ஆனார். நமக்குச் சுதந்திரம் கொடுத்த அதே அட்லிதான். எல்லோருக்கும் இலவச மருத்துவம், தேசியக் காப்பீடு, லட்சக்கணக்கில் வீடுகள் என்று ஒரு நாட்டையே திருப்பிப் போட்ட அரசாங்கம் அது.

29 வயதில் இப்படி ஒரு வெற்றி கிடைத்தவர் வேறு யாராக இருந்தாலும் அடுத்து எம்.பி., அதற்கடுத்து மந்திரி என்று போயிருப்பார். இவர் 1950-களின் தொடக்கத்தில் கட்சி வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போனார். ஏன்? தலைநகரத்தில் உட்கார்ந்து சட்டம் போடுகிறவர்களுக்கு, அந்தச் சட்டம் யாருக்காகவோ அந்த மக்களைத் தெரியவில்லை என்று அவருக்கு உறுத்தியது. நம் ஊரிலும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர், வரிசையில் நிற்கிறவர் வேறொருவர். அந்த இடைவெளியில் போய் நின்றார்.

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் என்று ஒரு தொழிலாளர் பகுதி. கப்பல் துறை, மரச்சாமான் பட்டறை, தையல் வேலை. 1950-களின் நடுவில் அங்கேயே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். உடன் வேலை பார்த்த பீட்டர் வில்மாட் குடும்பத்தோடு அங்கேயே குடிவந்துவிட்டார். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? நேற்று அம்மாவைப் பார்த்தீர்களா? 1957-இல் புத்தகமாக வந்தது.

அதில் என்ன இருந்தது? கல்யாணமான மகள் அம்மா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறாள். தினம் வந்து போகிறாள். மகளுக்கு வீடு வேண்டும் என்றால், வாடகை வசூலிக்க வருகிறவரிடம் அம்மாதான் ஒரு வார்த்தை சொல்லி வைப்பாள். பிரசவம், வேலை, கைமாற்று எல்லாமே இந்த வலைக்குள் நடந்தன. நமக்கு இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்பீர்கள். மதுரையிலும் மன்னார்குடியிலும் இதுதானே! ஆனால் நகரத்துக்கு வந்தால் சொந்தம் பந்தம் போய்விடும் என்று நம்பியிருந்த மேல்நாட்டு அறிஞர்களுக்கு அது புதுச் செய்தி.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். குடிசைப் பகுதிகளை இடித்துவிட்டு, இந்தக் குடும்பங்களை எஸ்ஸெக்ஸில் கட்டிய புதுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குள் குளியலறை உண்டு, தோட்டம் உண்டு. குறை சொல்ல முடியாத வீடுகள். ஆனால் அம்மா இல்லை, அத்தை இல்லை. புருஷன் காலையில் வேலைக்குப் போனால் மாலை வரை அந்தப் பெண் பேச ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். வீடு கொடுத்த அரசாங்கத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அரசாங்கத்தின் தேர்தல் அறிக்கையை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

யங் அந்தப் பழைய தெருக்களை ரொம்ப அழகுபடுத்திவிட்டார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. அம்மா வீடு பக்கத்துத் தெருவில் இருப்பது சுகமும்தான், தொல்லையும்தான். சில மருமகன்களைக் கேட்டால் வேறு புத்தகம் எழுதுவார்கள்.

இப்போது மெரிட்டுக்கு வருகிறேன்.

1944-இல் இங்கிலாந்தில் ஒரு கல்விச் சட்டம் வந்தது. இடைநிலைக் கல்வி எல்லோருக்கும் இலவசம். நல்ல சட்டம். ஆனால் நடைமுறையில் பிள்ளைகளை 11 வயதில் ஒரு தேர்வு வைத்துப் பிரித்தார்கள். "இலெவன் பிளஸ்" என்று பேர். நுண்ணறிவுச் சோதனை, கணக்கு, ஆங்கிலம். தேறியவர்கள் கிராமர் பள்ளி, அங்கிருந்து பல்கலைக்கழகம். நாலில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே அப்படிப் போனார்கள். மீதிப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு "செகண்டரி மாடர்ன்" என்ற பள்ளி, 15 வயதில் வேலை. பதினோரு வயது என்றால் நம் ஊர் ஆறாம் வகுப்பு! ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று ஒரு காலைப் பொழுதில் முடிவு செய்வது. ஆறாம் வகுப்பில் ஒன்றும் எழுதத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் பொறி தட்டியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பவர்களிலேயே எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதைப் பார்த்து 1958-இல் யங் ஒரு புத்தகம் எழுதினார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய புத்தகம். கட்டுரை போல இருக்கும், ஆனால் கற்பனை. 2034-ஆம் ஆண்டில் ஒருவர் உட்கார்ந்து பழைய வரலாற்றை எழுதுவது போல அமைத்திருக்கிறார். அந்த எதிர்கால நாட்டில் பிறப்புக்கு மதிப்பில்லை, பணத்துக்கு மதிப்பில்லை. நுண்ணறிவோடு உழைப்பைக் கூட்டினால் வருவது தகுதி. அதை அளந்து அளந்து ஆட்களைப் பொறுக்கி மேலே வைக்கிறார்கள். கேட்டால் சொர்க்கம் போலத் தோன்றும். ஆனால் மேலே போனவனுக்கு இது என் தகுதிக்குக் கிடைத்தது, யாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை என்ற திமிர் வருகிறது. கீழே நின்றவனுக்கோ சொல்லிக்கொள்ள ஒரு ஆறுதலும் இல்லாமல் போகிறது. முன்பெல்லாம் ஓர் ஏழை, "எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் நானும்தான்" என்று தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது. இப்போது வாய்ப்புக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று, உனக்கு ஒன்றும் இல்லை என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கலகம் வெடிக்கிறது. தகுதி ஆட்சியைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்த அந்த ஆசிரியரே கலகத்தில் செத்துப்போகிறார் என்று ஓர் அடிக்குறிப்போடு புத்தகம் முடிகிறது.

மெரிட்டோகிரசி என்பது லத்தீன் பாதி, கிரேக்கம் பாதி சேர்ந்த ஒட்டுச் சொல். இப்படிச் சொல் செய்தால் சிரிப்பார்கள் என்று நண்பர் ஒருவர் அவரை எச்சரித்தாராம். யாரும் சிரிக்கவில்லை. மாறாக, சிரித்திருக்க வேண்டிய இடத்தில் கைதட்டினார்கள். கிண்டல் என்பதே மறந்துபோய், தலைவர்கள் எங்கள் லட்சியம் மெரிட்டோகிரசி என்று மேடையில் பேச ஆரம்பித்தார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், 1956-லேயே ஆலன் ஃபாக்ஸ் என்ற இன்னொரு சமூகவியலாளர் இந்தச் சொல்லை எழுதியிருக்கிறார், அவரும் கண்டனமாகத்தான். உலகம் முழுக்கக் கொண்டுபோனது யங்கின் புத்தகம்.

புத்தகம் எழுதிவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இங்கேதான். 1957-இல் நுகர்வோர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, "விச்" என்ற பத்திரிகையைப் பெத்னல் கிரீனில் ஒரு கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்து நடத்தினார்கள். கெட்டில் முதலான வீட்டுச் சாமான்களைச் சோதித்து எது உருப்படி என்று சொல்லும் பத்திரிகை. 1960-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் சமூகவியல் விரிவுரையாளராகப் போனார். அங்கே அவர் கண்ணில் பட்டது விடுமுறைக் காலத்தில் வருஷத்தில் பாதி நாள் காலியாகக் கிடந்த கட்டடங்கள். இதில் இன்னொரு கூட்டம் மாணவர்களைப் படிக்க வைக்கலாமே என்றார். மற்றவர்கள் ஒப்புவார்களா? ஒப்பவில்லை. 1962-இல் ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுதினார். 1963-இல் அஞ்சல் வழிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியே விட்டார். விடியற்காலையில் தொலைக்காட்சியில் பாடம் நடத்திப் பார்த்தார்கள்.

அந்த எண்ணத்தை அரசாங்கத்தின் திட்டமாக்கிய பெருமை பிரதமர் ஹெரால்டு வில்சனுக்கும் அமைச்சர் ஜென்னி லீக்கும் உரியது. ஜென்னி லீ ஸ்காட்லாந்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். அதிகாரிகள் எவ்வளவோ முட்டுக்கட்டை போட்டும் அந்த அம்மா விடவில்லை. 1969-இல் ஓப்பன் யூனிவர்சிட்டி உருவாகி, 1971 ஜனவரியில் ஏறக்குறைய 25,000 பேரோடு பாடம் தொடங்கியது. சேர எந்த மதிப்பெண்ணும் தேவையில்லை. பதினோரு வயதில் கழித்துக் கட்டப்பட்டவர்கள் நாற்பது வயதில் வந்து உட்கார்ந்தார்கள். நம் நாட்டில் 1982-இல் ஆந்திராவிலும், 1985-இல் இந்திரா காந்தி பெயரிலும், 2002-இல் நம் தமிழ்நாட்டிலும் வந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அதுதான் முன்மாதிரி. நான் ஐந்தாம் வகுப்பில் பாடம் சொன்ன ஒரு பெண், கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளை பெற்று, மில்லில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டே அப்படி பி.ஏ. முடித்தாள். பேர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். அவளுக்கும் அந்தக் கேம்பிரிட்ஜ்காரருக்கும் இடையில் ஒரு நூல் ஓடுகிறது.

அரசாங்கம் அவரைத் திரும்பவும் கூப்பிட்டது. 1965-இல் சமூக அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் கவுன்சில் உருவானபோது முதல் தலைவர் அவர்தான். என்னைப் போன்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதைவிட நெருக்கமானது வேறொன்று. தொடக்கக் கல்வியை ஆராய்ந்து 1967-இல் அறிக்கை கொடுத்த பிளௌடன் குழுவில் அவர் உறுப்பினர். ஏழ்மை மிகுந்த பகுதிகளின் பள்ளிகளுக்கு மற்றவர்களுக்குக் கொடுப்பது போலச் சமமாகக் கொடுத்தால் போதாது, கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. அங்கே வகுப்பில் 30 பிள்ளைக்கு மேல் கூடாது, ஆசிரியருக்குக் கூடுதல் சம்பளம், நல்ல கட்டடம். பெற்றோரைப் பள்ளிக்கு உள்ளே கூப்பிடு. அதைச் செய்து பார்க்கும் திட்டத்தை நடத்திய ஏ. எச். ஹால்ஸியும் சமூகவியலாளர்தான், ஒரு ரயில்வே போர்ட்டரின் மகன். பணம் சொன்ன அளவுக்கு வரவில்லை. எந்த ஊரில்தான் வந்தது? ஆனாலும், பிள்ளையின் மதிப்பெண்ணில் அவன் வீடும் தெருவும் இருக்கின்றன என்பதை அரசாங்கத்தின் தாளிலேயே எழுத வைத்தார்கள். ஒரே அறையில் ஐம்பத்திரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவளுக்கு அந்த முப்பது என்ற எண்ணின் மதிப்பு தெரியும்.

முரண்பாடு இல்லாத மனிதரா? இல்லை. பிறப்பால் வரும் பட்டங்களை வெறுத்தவர், 1978-இல் லார்டு பட்டம் வாங்கிப் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். அவர் மகன் டோபி பத்திரிகையாளர். ஆக்ஸ்போர்டில் தனக்கு மதிப்பெண் போதவில்லை என்றும், இடம் உண்டு என்று தவறுதலாக ஒரு கடிதம் வந்ததும் அப்பா கல்லூரிக்குத் தொலைபேசி செய்து விசாரித்தார் என்றும், அதன் பிறகு இடம் கிடைத்தது என்றும் அந்த மகனே எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் யங் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எவ்வளவு கொள்கை உள்ள அப்பாவாக இருந்தாலும் தன் பிள்ளைக்காகப் போனை எடுப்பார். போனை எடுத்தால் மறுமுனையில் காது கொடுத்துக் கேட்க ஆள் இருக்கும் அப்பா சிலர்தான். அந்தப் பிள்ளை பிறகு நல்ல மதிப்பெண் வாங்கிப் பட்டமும் பெறுவான், அதற்குப் பேர் மெரிட் என்றும் ஆகும்.

அவர் கடைசி வரை ஓயவில்லை. 1982-இல் மற்ற இருவரோடு சேர்ந்து ஓய்வுபெற்றவர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்ளும் "மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்" தொடங்கினார். தேர்வு இல்லை, பட்டம் இல்லை. (எங்கள் தெருவில் இப்படி ஒன்று இருந்தால் சீரியல் பார்ப்பது பாதியாகக் குறையும்.) 1990-இல், கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரியில் வங்காளதேச நோயாளிகள் டாக்டரிடம் வலியைச் சொல்ல மொழி தெரியாமல் தவிப்பதைப் பார்த்து, தொலைபேசியில் மொழிபெயர்க்கும் சேவை ஒன்றை ஏற்படுத்தினார். எழுபத்தைந்து வயதில்.

2001 ஜூனில், டோனி பிளேர் மீண்டும் ஜெயித்து மெரிட்டோகிரசி என்று பேசிக்கொண்டிருந்தபோது, கார்டியன் பத்திரிகையில் யங் ஒரு கட்டுரை எழுதினார். அந்தச் சொல்லைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று பிரதமரைக் கேட்டார். ஒரு வேலைக்குத் திறமை உள்ளவரை அமர்த்துவது நியாயம்தான் என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார். என் கண்ணை அறுவை செய்கிறவர் நன்றாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றுதானே நானும் நினைப்பேன்? அவர் எதிர்த்தது, ஒரு விதமான திறமையை மட்டும் அளந்து, அதில் தேறியவர்கள் தனிச் சாதியாகக் கதவைச் சாத்திக்கொள்வதை. 1945 அமைச்சரவையை நினைவூட்டினார். வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் 11 வயதில் பள்ளியை விட்டவர். மருத்துவத் திட்டம் கொண்டுவந்த அனூரின் பெவனும் சிறுவனாக இருந்தபோதே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனவர். நமக்குக் காமராஜர் நினைவுக்கு வருவார். இன்றைய வடிகட்டியில் இவர்களில் யார் தேறுவார்கள்? அப்படித் தேறாத கூட்டத்துக்காகப் பேச யார் மிஞ்சுவார்கள்? பிளேர் அந்தச் சொல்லை விடவில்லை. கட்டுரை வந்து ஏழு மாதத்துக்குள், 2002 ஜனவரியில், யங் 86 வயதில் காலமானார்.

நீட் வேண்டுமா வேண்டாமா என்று இங்கே சண்டைக்கு வராதீர்கள், அதற்கு வேறு பதிவு போடுகிறேன். நான் சொல்வது சின்ன விஷயம். இட ஒதுக்கீட்டில் வந்தவரைப் பார்த்து மெரிட் இல்லை என்கிற நம் பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டில் தனி மேசை இருந்தது, கேட்டால் சொல்லித்தர அப்பா இருந்தார். அவன் காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து என் வகுப்பில் தூங்கி விழுந்தான். இருவரையும் எனக்குத் தெரியும். தோற்ற பிள்ளையின் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தத் தாள் ஒரு நாள் மூன்று மணி நேரத்தில் ஒரு விதமான கேள்விக்கு வந்த பதில். அவனிடம் அதைத் தவிர வேறு எதுவுமே கேட்கப்படவில்லை.

இந்த வருஷம் பிளஸ் டூ முடிவு வந்ததும் குழுவில் 580, 590 என்று படங்கள் வரும். போடுங்கள், சந்தோஷம்தான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் சேர்ந்த பிள்ளை, அரியர் வைத்துவிட்டு அப்பா கடையில் நிற்கும் பிள்ளை, நர்சிங் உதவியாளர் படிப்புக்குப் போன பிள்ளை, இவர்கள் படத்தையும் போடுங்கள். முதல் வாழ்த்து என்னுடையதாக இருக்கும். கண்ணாடி மாற்றிவிட்டேன், இப்போது போனில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்